காலுக்கு ஒரு கல்

வீட்டில் எத்தனையோ அறைகள் இருக்கின்றன. அவற்றில் மனிதன் செருப்பு இல்லாமல், ஈரத்தில், உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு, கண்ணையும் இறுக மூடிக்கொண்டு நிற்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அந்த இடத்தைப் புதுப்பித்துத் தரை போட வேண்டிய சமயத்தில் அவன் என்ன செய்கிறான்? பகல் வேளையில், காய்ந்த காலில் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போகிறான். அங்கே பிரகாசமான விளக்குகளின் கீழே சாய்த்து வைத்திருக்கும் பளபளப்பான பலகைகளைக் கண்ணால் பார்த்து, "இது நன்றாயிருக்கிறது" என்று விரலைக் காட்டிவிட்டு வருகிறான். கண்ணை மூடிக்கொண்டு நிற்கப்போகிற இடத்துக்குக் கண்ணே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. காலை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இது அண்மைக் காலத்துப் பழக்கம். குளிக்கும் அறையின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால், மனிதர்கள் வெகுகாலம் வரையில் சுவரை ஒரு விதமாகவும் தரையை வேறு விதமாகவுமே கருதி வந்தார்கள் என்று தெரிகிறது. சுவருக்கு வேண்டியது வழுவழுப்பு; பட்ட தண்ணீர் நிற்காமல் வழிந்து ஓட வேண்டும். தரைக்கு வேண்டியது தண்ணீரைக் கீழே விடாத கெட்டித்தனம். கூடவே, காலைப் பிடித்துக்கொள்கிற ஒரு சொரசொரப்பு. இரண்டும் இரண்டு உத்தியோகம். இரண்டையும் ஒரே கல்லிடம் ஒப்படைத்துவிட்டு அவதிப்படுவது நாம்தான்.

சிந்து நதிக்கரையில் மொகஞ்சதாரோவைத் தோண்டியவர்கள் கண்ட அதிசயங்களில் பெரிய குளியல் குளம் பிரசித்தமானது. 1925-26-ல் வெளிப்பட்ட அந்தக் குளம் சுமார் 39 அடி நீளம், 23 அடி அகலம், 8 அடி ஆழம். செங்கல்லை நிறுத்தி வைத்து, ஜிப்சம் சாந்தால் இடைவெளி தெரியாமல் ஒட்டி, பின்னால் நிலக்கீல் பூசி, நாலாயிரத்துச் சொச்சம் வருஷங்களுக்கு முன்பு தண்ணீரை அடைத்து வைத்திருந்தார்கள். குளத்தில் இறங்கும் படிகளின் ஓரத்தில் சிறு சிறு குழிகள் காணப்படுகின்றன. படியின் மேல் மரப்பலகை பொருத்துவதற்காக அவை ஏற்பட்டிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். செங்கல் அத்தனை நேர்த்தியாக அமைந்த பிறகு, ஈரக்கால் படுகிற இடத்தில் மட்டும் எதற்காக மரப்பலகை? யோசிக்க வேண்டிய விஷயம்.

எனக்கு அந்தக் குளத்தைவிட அவ்வூர்ச் சாதாரண வீடுகளின் குளியல் அறைகள்தாம் அதிக ஆச்சரியம் தருகின்றன. குளம் ராஜகாரியம், அல்லது தெய்வ காரியம். அதற்குச் செலவு செய்யாத நாகரிகம் இல்லை. ஆனால் தெருவை ஒட்டிய ஒரு சின்ன அறையில், செங்கல்லைத் தேய்த்துத் தேய்த்து நெருக்கமாகப் பொருத்தித் தரை போட்டு, அந்தத் தரை முழுவதையும் ஒரு மூலையை நோக்கிச் சரித்து, மூலையிலிருந்து துவாரம் வழியாகத் தெருச் சாக்கடைக்குத் தண்ணீரை அனுப்பினானே, அந்தக் கொத்தன் பெயர் நமக்குத் தெரியாது. நம் ஊர்க் கொத்தனார்கள் இந்தச் சரிவை "வாட்டம்" என்கிறார்கள். தரை போடும் வேலையில் கஷ்டமானது வாட்டம்தான். நிறம் கடையில் கிடைக்கும். வாட்டம் கையில்தான் இருக்கிறது.

ரோமாபுரிக்காரர்கள் குளிப்பதை ஒரு கலையாகவே ஆக்கியவர்கள். அவர்கள் தரைக்குப் போட்ட சாந்தில் ஒரு ரகசியம் உண்டு. உடைந்த ஓட்டையும் பானையையும் இடித்துச் சுண்ணாம்போடு கலந்தார்கள். சுட்ட மண்ணின் தூள் சேர்ந்த சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும், தண்ணீரையும் தடுக்கும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. செங்கல் தூளைச் சுண்ணாம்பில் கலந்து "சுர்க்கி" என்று சொல்லி நம் ஊர் மொட்டை மாடிகளுக்கு இட்டுவந்தார்களே, அதுவேதான்! ரோமாபுரிக்கும் நமக்கும் இடையே கடுக்காயும் வெல்லமும்தான் வித்தியாசம்.

அந்தச் சாந்தின் மேல் அவர்கள் விரல்நுனி அளவுக் கற்களைப் பதித்துச் சித்திரத் தரை போட்டார்கள். மீனும் கடல்குதிரையும் வரைந்த அழகைப் பலரும் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். அழகு இருக்கட்டும். சின்னக் கல் என்றால் கல்லுக்குக் கல் ஓர் இணைப்பு; பாதம் எங்கே பட்டாலும் பத்து இணைப்புகளின் மேல் பட்டே தீரும். ஈரத்தில் காலைப் பிடிப்பது கல் அல்ல, அந்த இணைப்புத்தான். வெந்நீர் அறைகளில் தரைக்குக் கீழே அனல் ஓடும். மேலே கால் வைக்க முடியாது. ஆகவே அங்கே மரக்கட்டைச் செருப்பு போட்டுக்கொண்டார்கள். வடக்கு ஆப்பிரிக்காவில் ரோமர்கள் கட்டிய குளியல் மண்டபங்களின் வாசலில், ஒரு ஜோடி செருப்பைச் சித்திரமாகப் பதித்து, நன்றாகக் குளியுங்கள் என்று வாழ்த்தும் எழுதி வைத்திருக்கிறார்கள். செருப்பை வரைந்து வரவேற்பது நமக்கு விநோதமாகப் படலாம். அவர்களுக்கு அது உபசாரம்.

ஆடம்பரம் அங்கேயும் வராமல் இல்லை. வந்தது சுவர் வழியாகத்தான். சுமார் கி. பி. 64-ல் செனெகா என்ற தத்துவ ஞானி தம் கடிதம் ஒன்றில், பழைய வீரன் ஸ்கிபியோவின் வீட்டுக் குளியல் அறையைப் பார்த்ததைச் சொல்கிறார். சின்ன அறை, இருட்டு அறை. உலகத்தையே நடுங்க வைத்தவன் அதில் குளித்தான். இப்போதோ சுவரில் விலை உயர்ந்த கல் ஜொலிக்காவிட்டால் ஒவ்வொருவனும் தன்னைத் தரித்திரன் என்று நினைத்துக்கொள்கிறானே என்று அங்கலாய்க்கிறார். செனெகாவே பெரிய பணக்காரர் என்பதையும், அவர் வீட்டில் எந்தச் சுவர் இருந்தது என்று நாம் கேட்க முடியாது என்பதையும் மறந்துவிட்டுப் படித்தால், மனிதருடைய புலம்பல் நேற்று எழுதியது மாதிரி இருக்கிறது.

சுவரை வழுவழுப்பாக்குவதற்குப் பீங்கான் அவசியம் இல்லை. மொராக்கோ நாட்டில் மராக்கேஷ் நகரத்துக் குளியல் மண்டபங்களில், சுண்ணாம்பைப் பூசி, ஆற்றுக் கூழாங்கல்லால் தேய்த்து, ஆலிவ் எண்ணெய்ச் சோப்பை அதன்மேல் தடவி மறுபடியும் தேய்ப்பார்கள். சுண்ணாம்பும் சோப்பும் சேர்ந்து தண்ணீருக்கு இடம் கொடாத ஒரு மெருகாக மாறிவிடுகின்றன. நம் செட்டிநாட்டு வீடுகளில் முட்டையின் வெள்ளைக் கருவைச் சேர்த்து அரைத்த சுண்ணாம்பைக் கல்லால் இழைத்துப் பூசிய சுவர்கள் நூறு வருஷத்துக்குப் பிறகும் கன்னத்தை வைத்தால் ஜில்லென்று இருக்கின்றன. இரண்டு ஊர்க் கொத்தர்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததாகத் தெரியவில்லை. கையில் கல்லும் எதிரில் சுண்ணாம்பும் இருந்தால் மனிதனுக்கு ஒரே யோசனைதான் தோன்றும் போலிருக்கிறது.

தரை விஷயத்தில் நம்மவர்கள் இன்னும் எளியவர்கள். வீட்டுக்குள் குளிக்கும் வழக்கமே பெரும்பாலும் இல்லை. ஆறு, குளம், இல்லாவிட்டால் கிணற்றடி. கிணற்றடியில் ஒரு கருங்கல் பலகை. பக்கத்தில் துவைக்கிற கல். தண்ணீர் ஓடிப் போய்ச் சேருகிற இடத்தில் நாலு வாழை. அந்தக் கல் உளியால் கொத்தியது. குதிகாலைத் தேய்த்தால் அழுக்குப் போகும். வருஷக்கணக்கில் கால் பட்டு வழுவழுத்துப் போனால், அம்மி கொத்துகிறவனைக் கூப்பிட்டு இதையும் நாலு கொத்துக் கொத்தச் சொல்லிவிடுவார்கள். பழையது என்பதற்காக இதை நான் சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். ஆண்கள் வெட்டவெளியில் ஆனந்தமாகக் குளித்த அதே கிணற்றடியில், பெண்கள் கருக்கலில் எழுந்து, கீற்று மறைப்புக்குப் பின்னால், கட்டின சேலையோடு அவசர அவசரமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஓடினார்கள். நாலு சுவரும் ஒரு தாழ்ப்பாளும் உள்ள குளியல் அறை அவர்களுக்குக் கிடைத்தது பெரிய விடுதலை. அந்த விடுதலையோடு கூடவே என்ன தரை வந்தது என்பதுதான் கேள்வி.

அதற்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டும். 1840-ல் ரிச்சர்டு பிராஸர் என்பவர், களிமண்ணை ஈரமாகப் பிசையாமல், உலர்ந்த தூளாகவே இரும்பு அச்சில் இட்டு நசுக்கிப் பொருள் செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். அவர் செய்ய நினைத்தது சட்டைப் பொத்தான்! ஹெர்பர்ட் மின்டன் என்ற பீங்கான் முதலாளிக்கு அதில் ஓடு தெரிந்தது. ஈர மண்ணில் செய்த ஓடு காயும்போது கோணும், சுருங்கும். தூளில் நசுக்கியது அப்படியே நிற்கும். ஒன்றைப் போலவே ஒன்று, ஆயிரம், பதினாயிரம் என்று ஓடுகள் வெளிவந்தன. நாம் இன்று வாங்குகிற டைல்ஸ் எல்லாம் அந்தப் பொத்தானின் வம்சம்தான். அந்தத் தூள் தொழிலாளியின் நெஞ்சிலும் இறங்கியது. ஸ்டாஃபர்டுஷையர்ப் பீங்கான் ஊர்களில் நுரையீரல் அரிக்கும் அந்த நோய்க்குக் குயவர் பெயரையே வைத்துவிட்டார்கள். பீங்கான் தொழிலுக்குப் பேர்போன குஜராத்தின் மோர்பி வட்டாரத்திலும் அது இன்றைக்கும் ஆட்களைத் தின்கிறது. பளபளப்பைப் பற்றிப் பேசும்போது இதையும் ஒரு வரி சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஓடு கிடைத்துவிட்டது, அதை வீட்டுக்குள் துரத்திக்கொண்டு வந்தது பயம். லண்டனில் காலரா ஆயிரக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போயிற்று. 1854-ல் ஜான் ஸ்னோ என்ற வைத்தியர் பிராடு தெருவின் ஒரு குழாய்த் தண்ணீரில் வினை இருப்பதைக் காட்டினார். 1884-ல் ராபர்ட் காக் நம் கல்கத்தாவில் அமர்ந்து அந்தக் கிருமியைப் பிரித்து எடுத்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு பிராணி மனிதனைக் கொல்கிறது என்று தெரிந்ததும், அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தே தீர வேண்டும் என்ற ஆசை ஜனங்களைப் பிடித்துக்கொண்டது. மர வேலைப்பாடும் திரைச்சீலையும் பூப்போட்ட காகிதமும் ஒட்டிய குளியல் அறைகள் ஒழிந்தன. ஆஸ்பத்திரியிலும் பால் கடையிலும் கசாப்புக் கடையிலும் ஏறிய வெள்ளைப் பீங்கான் ஓடு வீட்டுச் சுவரிலும் ஏறியது. வெள்ளை என்றால் சுத்தம். ஒரு புள்ளி விழுந்தாலும் காட்டிக் கொடுக்கும் போலீஸ்காரன் மாதிரி அது சுவரில் நின்றது.

ஆனால் அந்தப் பயந்த மனிதர்களும் தரையில் புத்தியோடுதான் நடந்துகொண்டார்கள். நியூயார்க்கில் 1904-ஆம் வருஷம் அக்டோபர் 27-ந் தேதி சுரங்க ரயில் ஓடத் தொடங்கியபோது, நிலையங்களின் சுவரில் 3 அங்குலம் உயரமும் 6 அங்குலம் நீளமும் உள்ள வெள்ளை மெருகு ஓடுகளைப் பதித்தார்கள். அதே வெள்ளை ஓடுதான் அந்தக் காலத்து அமெரிக்கக் குளியல் அறைச் சுவர்களிலும். கீழே பார்த்தால் தரையும் வெள்ளை. ஆனால் அது வேறு ஜாதி ஓடு: ஓர் அங்குல அளவில், தேன்கூடு போல் ஆறு மூலை கொண்டது, மெருகு பூசாதது, மாவு போல் மங்கலானது. ரோமாபுரிக் கொத்தனின் சின்னக் கல்லும் நிறைய இணைப்பும் மறுபடியும் வந்துவிட்டன. சுவரில் ஒளி, தரையில் பிடிப்பு. நிறம் ஒன்று, குணம் இரண்டு. குளியல் அறைச் சரித்திரத்தில் என் ஓட்டு அந்த அறைக்குத்தான்.

நம் நாட்டுக்கு ஓடு பல வழிகளில் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜப்பானியர்கள் புடைத்த பூ வேலையோடு வண்ண ஓடுகள் செய்து அனுப்பினார்கள். நம் மனத்தை அறிந்த வியாபாரிகள்! ரவிவர்மா படங்களைப் பார்த்து லக்ஷ்மியையும் கிருஷ்ணனையும் ஓட்டில் வார்த்தார்கள். சாமி படத்தை யாரும் தரையில் போடமாட்டார்கள் அல்லவா? அது சுவரோடு நின்றது. (பின்னாளில் மதில் சுவரை அசுத்தம் செய்கிறவர்களைத் தடுக்க அதே போன்ற சாமி ஓடுகளை வரிசையாகப் பதித்தோம். பக்தியை இவ்வளவு சிக்கனமாக உபயோகித்த தேசம் வேறு உண்டா என்று தெரியவில்லை.) தரைக்கோ சிமெண்டு ஓடு. காரைக்குடிக்குப் பக்கத்து ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சாந்தை ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்துக் கெட்டிப்படுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். நெருப்பே இல்லாத தொழில். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு பிறந்ததால் அதற்குத் தனி மினுமினுப்பு. கூடத்துக்கு அதைப் போல் ஒன்று இல்லை. குளியல் அறைக்கு அதைக் கொண்டுபோகாமல் இருப்பது மரியாதை: சோப்பிலும் ஈரத்திலும் வழுக்கும், கழுவ ஆசிட் ஊற்றினால் முகமே அரித்துப் போகும்.

1958-ல் ஜான்சன் கம்பெனி இந்தியாவில் ஏற்பட்டது. மெல்ல மெல்ல வெள்ளைப் பீங்கான் ஓடு நகரத்து வீடுகளில் அந்தஸ்தின் அடையாளமாயிற்று. முதலில் முழங்கால் அளவு, பிறகு இடுப்பளவு, பிறகு தலைக்கு மேல் என்று சுவரில் ஏறிக்கொண்டே போயிற்று. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் எவ்வளவு உயரம் ஓடு பதித்திருக்கிறது என்று நோட்டம் விட்ட காலம் ஒன்று உண்டு. தரையில் அப்போதும் சிமெண்டு, அல்லது மொசைக், அல்லது சொரசொரப்பான கடப்பைக் கல். பிறகு பெரிய பெரிய யந்திரங்கள் வந்தன. மண்ணைக் கண்ணாடி மாதிரி உருக்கி இறுக்கி, மேலே இழைத்து முகம் தெரியும்படி செய்த ஓடு இரண்டடிக்கு இரண்டடி அளவில் மலிவாகக் கிடைத்தது. ஏறுவதற்குச் சுவரில் இடம் இல்லாத பளபளப்பு, தரையில் இறங்கிவிட்டது.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சேமநிதிப் பணத்தில் குளியல் அறையைப் புதுப்பித்தார். சுவரும் தரையும் ஒரே பளிங்கு நிறம், பார்த்தவர்கள் பிரமித்தார்கள். மூன்றாவது மாதம் அவருடைய தாயார் அதில் விழுந்தார். இடுப்பு எலும்பு. அதற்குப் பிறகு அந்த அம்மாள் நடக்கவே இல்லை. நான் விசாரிக்கப் போயிருந்தபோது அந்தத் தரையைப் பார்த்தேன். பளிங்கு நிறம் முழுவதையும் மறைத்து, இரண்டு கோணிச் சாக்குகளை நனைத்து விரித்திருந்தார்கள்.

உலகத்தில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. எதிர்பாராத விபத்துக்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். பலியாகிறவர்களில் பெரும்பான்மையோர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். விழுந்தவர்கள் எல்லாரும் குளியல் அறையில் விழுந்தவர்கள் அல்லர். ஆனால் வயதானவர்கள் இருக்கும் எந்த வீட்டிலும் கதவைத் தட்டி, "அம்மா, உள்ளே ஒன்றும் இல்லையே?" என்று கேட்கிற அறை எது என்று எல்லாருக்கும் தெரியும்.

ஜெர்மானியர்கள் இதற்கு ஒரு பரீட்சை வைத்திருக்கிறார்கள். ஓட்டைச் சாய்வுப் பலகையில் பதித்து, சோப்புத் தண்ணீரை ஊற்றி, ஓர் ஆளை வெறுங்காலோடு அதன்மேல் நடக்கவிட்டு, பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துகிறார்கள். எந்தச் சரிவில் அவர் பயப்படுகிறாரோ அதுதான் ஓட்டின் மார்க்கு. 12 பாகைக்குத் தேறினால் 'ஏ', 18-க்கு 'பி', 24-க்கு 'சி'. எத்தனையோ யந்திரங்கள் கண்டுபிடித்த அந்தத் தேசம், கடைசியில் மனிதனின் பாதத்தையே யந்திரமாக வைத்துக்கொண்டதை நான் மிகவும் ரசிக்கிறேன்.

நம் கடைகளில் அட்டைப் பெட்டியின் மேல் இதையெல்லாம் தேடிப் படிக்கிறவர்கள் குறைவு. சுவர் ஓடும் தரை ஓடும் உடம்பிலேயே வேறு என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. சுவர் ஓடு நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் தண்ணீர் குடிக்கும், லேசானது, சாந்தைப் பற்றிக்கொள்ளும். இறுக்கிச் சுட்ட தரை ஓடு நூற்றுக்கு அரைப் பங்குகூடக் குடிக்காது. முன்னதைத் தரையில் போட்டால் ஒரு இரும்பு வாளி விழுந்தால் போதும், விரிசல். பின்னதைத் தரையில் போடுங்கள். ஆனால் இழைக்காததாக, மங்கலானதாக, விரலால் தடவினால் மணல் காகிதத்தின் தூரத்து உறவு என்று தோன்றுவதாகப் பாருங்கள். அளவும் சிறிதாக இருக்கட்டும். இரண்டடி ஓட்டை வளைக்க முடியாது. நாலு பக்கத்திலிருந்தும் சாக்கடைத் துவாரத்துக்கு வாட்டம் கொடுக்க வேண்டுமானால் சின்ன ஓடுதான் சொன்னபடி கேட்கும். இணைப்புக்குச் சிமெண்டு பூசி, பிறகு வாராவாரம் ஆசிட் ஊற்றிக் கழுவினால், ஓடு நிற்கும், இணைப்புப் போய்விடும். கீழ்வீட்டுக்காரர் குடையோடு உட்கார்ந்திருப்பார். எபாக்ஸி என்ற பசையால் அடைத்தால் செலவு அதிகம், சண்டை குறைவு.

சொரசொரப்பான ஓட்டில் அழுக்குச் சேருமே என்பார்கள். சேரும்தான். தென்னந்துடைப்பத்தால் தேய்க்க வேண்டும். எலும்பை ஒட்டவைப்பதைவிட அது சுலபம்.

ஒருமுறை ஒரு கடையில், மகனோடு வந்திருந்த ஒரு பாட்டியிடம் விற்பனைப் பையன் ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினான். "பாருங்க பாட்டி, இத்தாலியன் மாதிரி. உங்க முகமே தெரியும்."

"முகம் பார்க்கச் சுவத்துல கண்ணாடி இருக்கு, தம்பி. கால் வைக்கிறதுக்கு என்ன வச்சிருக்கே?" என்றாள் கிழவி.

பையன் சிரித்துக்கொண்டே கடையின் பின்பக்கம் கூட்டிப் போனான். அங்கே விளக்கு குறைவு. சாம்பல் நிறத்தில், யாரும் தொடாமல் தூசி படிந்த ஒரு அடுக்கு இருந்தது. பாட்டி ஒரு ஓட்டைத் தரையில் வைக்கச் சொல்லி, செருப்பைக் கழற்றி, மகன் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி அதன்மேல் கொஞ்சம் ஊற்றினாள். மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றாள். பிறகு தோளை விட்டுவிட்டு நின்று பார்த்தாள். "இதைப் போடச் சொல்லு" என்றாள். மகன், "நிறம் கொஞ்சம்..." என்று இழுத்தான். "சுவத்துக்கு நீ பாத்து எடுத்துக்கப்பா" என்று அந்த இலாகாவைப் பெருந்தன்மையோடு அவனுக்குக் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மிச்சம் இருப்பது கொத்தனார் வேலை. நல்ல கொத்தனார் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பதோடு விடமாட்டார். எல்லாம் பதித்து முடித்து, கரணையைக் கழுவி வைத்த பிறகு, வாசற்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரைத் தரையில் மெதுவாகச் சாய்ப்பார். பேசமாட்டார். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, எங்கே தயங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். சுவரோரமாக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குட்டை தேங்கி நின்றால், "நாளைக்கு இந்த ரெண்டு கல்லை எடுத்துட்டு மறுபடி போட்டுடறேங்க" என்பார்.